ஈராக் பற்றி நீ கேட்டதற்கு

வர்ஜீனியா
14 அக்டோபர் 2007

அன்புள்ள நண்பனுக்கு,

நலம். நலமறிய ஆவல். நவராத்திரி தொடங்கிய அன்று உன் கடிதம் கைக்கு வந்தது. வீட்டில் கொலு வைத்தாகிவிட்டது. தெருவில் உள்ள அமெரிக்கப் பிள்ளைகள் சிலர் சுண்டலுக்குப் பழகிவிட்டதால் மாலையில் வாசலில் கலகலப்புதான். சகோதரிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், நிம்மதி. நடைப்பயிற்சியை நிறுத்திவிட வேண்டாம் என்று சொல். உன் மகன் வீடு கட்டுவதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன், அதற்கு இந்தத் தாள் போதாது.

ஈராக் விஷயத்துக்கு வருகிறேன். "வன்முறை குறைந்துவிட்டது என்று தளபதியே புள்ளிவிவரத்தோடு சொல்லிவிட்டாரே, பிறகும் ஏன் இந்தக் கூச்சல்?" என்று கேட்டிருந்தாய். செப்டம்பர் 10-ஆம் தேதி நடந்ததைச் சொன்னால் என் மனநிலை உனக்குப் புரியும்.

அன்றுதான் ஈராக்கில் உள்ள அமெரிக்கப் படைகளின் தளபதி டேவிட் பெட்ரேயஸும் அங்குள்ள அமெரிக்கத் தூதர் ரயன் கிராக்கரும் நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபைக் குழுவின் முன் வந்து அமர்ந்தார்கள். கோடை முழுவதும் நாடே அந்த நாளுக்காகக் காத்திருந்தது. மைக் வேலை செய்யாததால் கொஞ்ச நேரம் தாமதம். எதிர்ப்புக் குரல் எழுப்பியவர்களைக் காவலர்கள் ஒவ்வொருவராக வெளியேற்றினார்கள். பிறகு வரைபடங்கள் வந்தன. கோடுகள் எல்லாம் கீழே இறங்கின. குண்டுவெடிப்பு குறைவு, பாக்தாதில் இன, மதப் பிரிவுக் கொலைகள் குறைவு, அன்பார் மாகாணத்தில் தாக்குதல் குறைவு.

அதே நாளில் பாக்தாதின் மேற்குப் பகுதியில் ராணுவ லாரி ஒன்று கவிழ்ந்து அமெரிக்கச் சிப்பாய்கள் சிலர் இறந்தார்கள். இறந்தவர்களில் இருவர் யார் தெரியுமா? மூன்று வாரம் முன்பு, ஆகஸ்ட் 19-ஆம் தேதி, நியூயார்க் டைம்ஸில் ஏழு சிப்பாய்கள் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதியிருந்தார்கள். ராணுவத்தின் எண்பத்திரண்டாம் வான்வழிப் பிரிவைச் சேர்ந்தவர்கள், பதினைந்து மாதப் பணியின் கடைசிக் கட்டத்தில் இருந்தவர்கள். வாஷிங்டனில் நடக்கும் விவாதத்துக்கும் தாங்கள் தெருவில் பார்ப்பதற்கும் சம்பந்தமே இல்லை என்றும், ஆயுதம் கொடுத்துச் சேர்த்துக்கொள்ளும் கூட்டாளிகள் நாளை எந்தப் பக்கம் நிற்பார்கள் என்று தெரியாது என்றும், சாதாரண ஈராக்கியனுக்கு நாம் விடுதலை தந்தவர்கள் அல்ல, ஆக்கிரமித்தவர்கள் என்றும் நிதானமாக எழுதியிருந்தார்கள். கட்டுரை எழுதிக்கொண்டிருந்தபோதே ஒருவருக்குத் தலையில் குண்டு பாய்ந்தது, உயிர் பிழைத்தார். எங்கள் கடமையை நாங்கள் முடித்தே தீருவோம் என்றுதான் அவர்கள் கட்டுரையை முடித்திருந்தார்கள். அந்த எழுவரில் இருவர்தான் செப்டம்பர் 10 அன்று அந்த லாரியில் இருந்தவர்கள். தளபதியைக் கேள்வி கேட்க எத்தனையோ உறுப்பினர்கள் வரிசையில் இருந்தார்கள். அந்த ஏழு பேரில் ஒருவரைக்கூட அழைத்து உட்கார வைக்க யாருக்கும் தோன்றவில்லையே என்று எனக்கு இன்னும் ஆறவில்லை.

நீ சொல்லும் புள்ளிவிவரத்தை நான் மறுக்கவில்லை. மே மாதம் 120-க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். செப்டம்பரில் அதில் பாதி அளவு. குறைவது குறைவதுதான், அதில் எனக்கும் மகிழ்ச்சியே. ஆனால் ஏன் குறைந்தது என்று பார். அன்பாரில் சுன்னி பழங்குடித் தலைவர்கள் அல் கொய்தாவுக்கு எதிராகத் திரும்பியது சென்ற ஆண்டு இலையுதிர் காலத்தில். அப்போது கூடுதல் படை என்ற அறிவிப்பே வரவில்லை. ஆகஸ்ட் கடைசியில் ஷியா ஆயுதக் குழுத் தலைவர் முக்ததா அல் சதர் தன் ஆட்களைச் சண்டையை நிறுத்தச் சொன்னார். பாக்தாதில் பல வட்டாரங்களில் சுன்னியும் ஷியாவும் கலந்து வாழ்ந்த நிலையே போய்விட்டது. துரத்த வேண்டியவர்களைத் துரத்தி முடித்துவிட்டார்கள். பாக்தாதின் சுன்னி வட்டாரமான அதாமியாவைச் சுற்றிக் கான்கிரீட் சுவர் எழுப்பியது ஏப்ரலில். இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சிரியாவிலும் ஜோர்டானிலும் மற்ற நாடுகளிலும் அகதிகளாகக் கிடக்கிறார்கள். ஆளில்லாத தெருவில் கொலை குறைந்ததையும் அந்தக் கோடு முன்னேற்றம் என்றே காட்டும்.

இன்னொன்று. ஜனவரி 10-ஆம் தேதி ஜனாதிபதி புஷ் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களைக் கூடுதலாக அனுப்புவதாக அறிவித்தபோது சொன்ன காரணம் என்ன? பாக்தாதில் அமைதி ஏற்பட்டால் ஈராக்கிய அரசியல்வாதிகள் உட்கார்ந்து பேசி ஒரு சமரசத்துக்கு வருவார்கள் என்பதுதான். எண்ணெய் வருமானப் பங்கீட்டுச் சட்டம், சதாம் உசேனின் பழைய பாத் கட்சிக்காரர்களை மீண்டும் வேலையில் சேர்க்கும் சட்டம், மாகாணத் தேர்தல் என்று பதினெட்டு இலக்குகள் எழுதி வைத்தார்கள். செப்டம்பர் தொடக்கத்தில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் தணிக்கை அலுவலகம் கணக்குப் பார்த்தது. மூன்று நிறைவேறின, நான்கு அரைகுறை, பதினொன்று நிறைவேறவில்லை. அந்த இலக்குகளைப் பற்றிய பேச்சு இப்போது மெல்ல அடங்கிவிட்டது. ஈராக் பிரதமர் மாலிகியின் அரசு என்ன செய்தது என்ற கேள்வி போய், குண்டுவெடிப்பு எத்தனை குறைந்தது என்ற கேள்வி அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

செப்டம்பர் 11 அன்று மேலவையான செனட்டில் விசாரணை. எங்கள் மாநிலத்தின் மூத்த செனட்டர் ஜான் வார்னர், எண்பது வயது, இனி தேர்தலில் நிற்கப்போவதில்லை என்று அறிவித்துவிட்டவர், குடியரசுக் கட்சிக்காரர். அவர் ஒரே ஒரு கேள்வியைத்தான் திரும்பக் கேட்டார்: இந்தப் போரால் அமெரிக்காவுக்குப் பாதுகாப்பு கூடுகிறதா? தனக்குத் தெரியவில்லை என்று தளபதி பதில் சொன்னார். நேர்மையான பதில், அதற்காக அவரை மதிக்கிறேன். அத்தனை மணி நேர விசாரணையில் அந்தப் பதில் ஒன்று போதும்.

13-ஆம் தேதி இரவு புஷ் தொலைக்காட்சியில் பேசினார். அன்று பகலில்தான் அல் கொய்தாவுக்கு எதிராகத் திரும்பிய அன்பார் பழங்குடித் தலைவர் அப்துல் சத்தார் அபு ரிஷாவைக் குண்டு வைத்துக் கொன்றிருந்தார்கள். பத்து நாள் முன்புதான் அவர் ஜனாதிபதியோடு கைகுலுக்கியிருந்தார். 16-ஆம் தேதி பாக்தாதின் நிசூர் சதுக்கத்தில் பிளாக்வாட்டர் என்ற அமெரிக்கத் தனியார் பாதுகாப்பு நிறுவனத்தின் காவல் ஆட்கள் சுட்டதில் பதினேழு பேர் இறந்ததாக ஈராக் அரசு சொல்கிறது. சாலையில் காரில் போனவர்கள், பெண்கள், குழந்தை. இவர்கள் எந்த வரைபடத்திலும் இல்லை.

என் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் ஓர் அம்மாள் வேலை பார்க்கிறார். மகன் ராணுவத்தில், பாக்தாதுக்குத் தெற்கே எங்கோ. பன்னிரண்டு மாதம் என்று சொல்லி அனுப்பியதை ஏப்ரலில் பாதுகாப்பு அமைச்சர் கேட்ஸ் பதினைந்தாக நீட்டினார். எங்கள் இளைய செனட்டர் ஜிம் வெப், தன் மகனையும் ஈராக்குக்கு அனுப்பியவர், ஒரு திருத்தம் கொண்டுவந்தார். போர்முனையில் எத்தனை மாதம் இருந்தார்களோ அத்தனை மாதமாவது வீட்டில் இருக்கவிட்ட பிறகே மறுபடி அனுப்ப வேண்டும் என்பதுதான் அது. செப்டம்பர் 19-ஆம் தேதி வாக்கெடுப்பு. ஆதரவு 56, எதிர்ப்பு 44. அறுபது வேண்டும் என்பதால் விழுந்தது. ஜூலையில் ஆதரித்த வார்னர் இந்த முறை எதிர்த்தார். அடுத்த நாள் அதே செனட் ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. தளபதியை இழிவுபடுத்திப் போர் எதிர்ப்பு அமைப்பு ஒன்று நாளிதழில் விளம்பரம் கொடுத்திருந்தது, அதைக் கண்டிக்கும் தீர்மானம். ஆதரவு 72, எதிர்ப்பு 25. அந்த விளம்பரம் கண்ணியமில்லாதது, எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் அந்த அம்மாள் மதிய உணவு நேரத்தில் என்னிடம் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. "விளம்பரத்துக்கு எழுபத்திரண்டு பேர் கிடைத்தார்கள், என் பையன் தூங்குவதற்கு இன்னும் நாலு பேர் கிடைக்கவில்லையா?"

இங்கே பொதுத் தொலைக்காட்சியில் மாலைச் செய்தி முடியும்போது, இறந்த வீரர்களின் படங்களை ஒலியே இல்லாமல் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டுகிறார்கள். பெயர், பதவி, வயது, ஊர். பத்தொன்பது, இருபத்திரண்டு, இருபது. ஊர்கள் எல்லாம் நான் கேள்விப்படாத சிற்றூர்கள். நானும் என் மனைவியும் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பார்ப்போம். எண்ணிக்கை 3,800-ஐத் தாண்டிவிட்டது. வந்திறங்கும் சவப்பெட்டிகளைப் படமெடுக்க அரசு அனுமதிப்பதில்லை. ஈராக்கியர்களின் முகங்களைக் காட்ட எந்த நிலையமும் முன்வரவில்லை. காட்டத் தொடங்கினால் இரவு முழுவதும் போதாது.

உன் கடிதத்தில் ஒரு வாதம் என்னை உண்மையாகவே தடுமாற வைக்கிறது: "இடித்தவன் பாதியில் விட்டுவிட்டு வந்தால் அங்கே ரத்த ஆறு ஓடும்." ஓடலாம். அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது, அதனால்தான் நாளைக்கே எல்லாரும் திரும்பட்டும் என்று நான் சொல்வதில்லை. ஆனால் அந்தப் பயத்தைச் சொல்லி இருக்கச் சொல்கிறவர்கள் எதற்காக, எதுவரைக்கும் என்று சொல்லியாக வேண்டும். மார்ச்சில் மறுபடி வந்து பரிந்துரை தருவதாகத் தளபதி சொல்லியிருக்கிறார். மார்ச்சில் கேட்டால் இன்னொரு மாதத்தைச் சொல்வார்கள் என்பது என் கணிப்பு. அதுவரை இறப்பவர்கள் தவணைக்காக இறக்கிறார்கள்.

உன் வாதத்தை விட்டுவிடாதே, இன்னும் விரிவாக எழுது. எத்தனை ஆண்டு இருக்கலாம், எது நடந்தால் போதும் என்று நீ நினைக்கிறாய் என்பதையும் சேர்த்து எழுது. பிள்ளைகளுக்கு என் ஆசி.

அன்புடன்,
உன் நண்பன்