ஓஹாயோவிலிருந்து அப்பாவுக்கு: புஷ், கெர்ரி, ஒரு கிலோ கணக்கு

கொலம்பஸ், ஓஹாயோ
10-10-2004

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று ஒரு வரிகூட எழுதவில்லையே. உங்கள் கடிதம் மூன்று பக்கமும் இந்த ஜனாதிபதித் தேர்தல் பற்றிய ஒரே கேள்விதான்: அணுகுண்டு விவகாரத்தில் இப்போதைய ஜனாதிபதி புஷ் (குடியரசுக் கட்சி), எதிர்த்து நிற்கும் கெர்ரி (ஜனநாயகக் கட்சி) இரண்டு பேரில் யார் தேவலை, கூடங்குளத்துக்கு யாரால் நல்லது? இரண்டையும் ஒரே கேள்வி என்று நினைத்து எழுதியிருக்கிறீர்கள். அவை வேறு வேறு. அதனால்தான் உறை இவ்வளவு கனம்.

முதலில் ஊர் நிலவரம். சுவரெழுத்து இல்லை, ஆட்டோவில் மைக் இல்லை, கட்அவுட் இல்லை. வீட்டு முன் புல்தரையில் முழ உயரத்துக்கு ஒரு அட்டை, அதில் பெயர் மட்டும். சத்தமெல்லாம் வீட்டுக்குள்: டிவியைப் போட்டால் விளம்பரம், போனை எடுத்தால் பதிவு செய்த குரல். இந்த உபசாரம் எல்லா மாநிலத்துக்கும் கிடையாது. ஜனங்கள் போடும் ஓட்டை நாடு முழுக்கக் கூட்டிப் பார்த்து ஜனாதிபதியைத் தீர்மானிப்பதில்லை. மாநிலத்துக்கு மாநிலம் எண்ணி, ஓர் ஓட்டு அதிகம் வாங்கினாலும் அந்த மாநிலத்துக்கென்று ஒதுக்கிய எலக்டோரல் ஓட்டு மொத்தமும் அவருக்கு (மெயின், நெப்ராஸ்கா இரண்டில் மட்டும் வேறு விதி). மொத்தம் 538, ஜெயிக்க 270. ஓஹாயோவுக்கு 20. போன தடவை ஃபுளோரிடாவில் 537 ஓட்டு வித்தியாசத்தில் புஷ் வெள்ளை மாளிகைக்குப் போனார். மே மாதம் நீங்கள் மெஷினில் பொத்தானை அமுக்கிவிட்டு வந்தீர்கள். இங்கே 88 மாவட்டங்களில் பெரும்பாலானவற்றில் இன்னும் அட்டையில் துளை போடுகிறார்கள். நம்ப மாட்டீர்கள், ஆனால் அதுதான் நிஜம்.

செப்டம்பர் 30-ம் தேதி மயாமி பல்கலைக்கழகத்தில் நடந்த விவாதம் வெளிநாட்டுக் கொள்கை பற்றி மட்டும். தொண்ணூறு நிமிஷம். பதிலுக்கு 2 நிமிஷம், எதிராளியின் மறுப்புக்கு 90 வினாடி. முடியும் தறுவாயில் நடுவர் ஜிம் லேரர் கேட்டார்: அமெரிக்காவுக்கு மிகப் பெரிய ஆபத்து எது? கெர்ரி, அணு ஆயுதப் பரவல் என்று இரண்டு தடவை சொன்னார். புஷ், ஆமாம், பயங்கரவாதிகள் கையில் பேரழிவு ஆயுதம் சிக்குவதுதான் என்றார். (அவர் வாயில் 'நியூக்ளியர்' எப்போதும் 'நூக்யுலர்'தான்.) இருவரும் ஒத்துப்போனார்கள் என்று நம்மூர்ப் பத்திரிகையும் போட்டிருக்கும். நோய்க்குப் பெயர் வைத்ததில் மட்டும்தான் அந்த ஒற்றுமை. மருந்தில் இல்லை.

குண்டு செய்யும் அறிவு ஐம்பது வருஷமாக ஊரறிந்த விஷயம். கிடைக்காதது பொருள்தான். ஒரு குண்டுக்குப் போதும் என்று சர்வதேச அணுசக்தி முகமை வைத்திருக்கும் அளவு, புளூட்டோனியம் என்றால் 8 கிலோ, உயர்செறிவு யுரேனியம் என்றால் 25 கிலோ. நாகசாகியில் விழுந்ததில் இருந்தது சுமார் 6 கிலோ புளூட்டோனியம். அந்த உலோகம் இரும்பைப்போல இரண்டரை மடங்கு கனம், அதனால் ஆறு கிலோ ஒரு சாத்துக்குடி அளவுக்குள் அடங்கிவிடும். பழைய சோவியத் நாடுகளில் சரியான காவலில்லாமல் 600 டன்னுக்கு மேல் கிடக்கிறது என்று கெர்ரி சொன்னதை இதோடு சேர்த்துப் பாருங்கள். எல்லாம் யுரேனியம் என்றே வைத்து 25-ஆல் வகுத்தாலும் 24,000 குண்டு.

காவல் என்றால் என்ன வேலை என்று இங்கே யாரும் டிவியில் சொல்வதில்லை. சோவியத் காலத்தில் கலத்தின் வாயில் மெழுகு முத்திரை, கணக்கு காகிதப் பேரேட்டில். ஆளைக் காவல் காத்தார்களே தவிரப் பொருளைக் காக்கவில்லை. நாடு உடைந்து, சம்பளமும் நின்றதும் அந்த ஏற்பாடு கலகலத்துவிட்டது. 1991-ல் நன், லூகர் என்ற இரண்டு செனட்டர்கள், ஒருவர் ஜனநாயகக் கட்சி, மற்றவர் குடியரசுக் கட்சி, அமெரிக்கப் பணத்தைக் கொடுத்து இதைச் சரிசெய்யச் சட்டம் கொண்டுவந்தார்கள். முதல் சுற்றில் ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைப்பது, வாசலில் கதிர்வீச்சைக் காட்டும் வளைவு நிறுத்துவது. இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு கலத்தையும் எடைபோட்டு, எண்ணிட்ட முத்திரை வைத்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, காமிரா மாட்டுவது. இரண்டு சுற்றும் முடிந்தது இதுவரை சுமார் கால் பங்குக்குத்தான். இதே வேகத்தில் போனால் முடிக்க 13 வருஷம் ஆகும், நான் 4 வருஷத்தில் முடிப்பேன் என்கிறார் கெர்ரி. புஷ், பரவல் தடுப்புக்கு 35 சதவிகிதம் பணம் கூட்டினேன் என்றார். ஆனால் அவருடைய முதல் பட்ஜெட் இதைக் குறைக்கத்தான் பார்த்தது. மீட்டுக் கொடுத்தது அமெரிக்கக் காங்கிரஸ்.

இங்கே கெர்ரி பக்கம் நியாயம் அதிகம். ஆனாலும் அவருடைய நாலு வருஷம் கொஞ்சம் தேர்தல் பேச்சு. வேலை நிற்பது பணமில்லாமல் மட்டுமல்ல. குண்டைக் கோத்துச் சேர்க்கும் ஆலைகளுக்குள் அமெரிக்கர்களை அனுமதிக்க ரஷ்யா சம்மதிக்கவில்லை. விபத்து நடந்தால் நஷ்டஈடு யார் பொறுப்பு என்ற வழக்கறிஞர் சண்டை வேறு. ஆளுக்கு 34 டன் புளூட்டோனியத்தை அழிப்போம் என்று 2000-ல் போட்ட ஒப்பந்தம் அந்தச் சண்டையில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறது. வாஷிங்டனில் யார் உட்கார்ந்தாலும் இந்த இரண்டு முடிச்சையும் புடின் கையைப் பிடித்துத்தான் அவிழ்க்க வேண்டும்.

நன்றாக நடந்த ஒன்றையும் சொல்கிறேன். 1993-ல் போட்ட ஒப்பந்தப்படி ரஷ்யக் குண்டுகளிலிருந்து எடுத்த 500 டன் யுரேனியத்தை இருபது வருஷத்தில் நீர்க்கச் செய்து அமெரிக்க மின்நிலையங்களுக்கு எரிபொருளாக விற்கிறார்கள். 200 டன் தாண்டிவிட்டது. இந்த நாட்டில் எரியும் பத்து பல்பில் ஒன்று அந்தக் குண்டுகளின் புண்ணியம். வியாபாரமாக அமைத்ததால் ஓடுகிறது. இதைப் பற்றி இரண்டு பேருமே வாய் திறக்கவில்லை.

இனி புஷ் பக்கம். அணுகுண்டுத் தொழில்நுட்பத்தைக் கள்ளத்தனமாக விற்ற பாகிஸ்தான் விஞ்ஞானி அப்துல் காதிர் கானின் கூட்டத்தை உடைத்தோம் என்கிறார். அது வெறும் பேச்சில்லை. போன அக்டோபரில் துபாயிலிருந்து லிபியாவுக்குப் போன 'பிபிசி சைனா' என்ற கப்பலை இத்தாலியின் தாரந்தோ துறைமுகத்துக்குத் திருப்பி, மலேசியாவில் கடைந்த சென்ட்ரிஃபியூஜ் (யுரேனியத்தைச் சுழற்றிச் செறிவூட்டும் இயந்திரம்) பாகங்களைப் பெட்டி பெட்டியாக இறக்கினார்கள். (துபாயில் உட்கார்ந்து அந்த ஆர்டரைக் கவனித்தவர் ஓர் இலங்கைக்காரர்.) டிசம்பர் 19-ல் லிபியத் தலைவர் கடாஃபி அணு ஆயுத முயற்சி எல்லாவற்றையும் கைவிடுவதாக அறிவித்தார். லிபியாவின் இயந்திரங்கள் இப்போது டென்னசியில் இருக்கின்றன. நடுக்கடலில் சரக்கை மடக்க 60-க்கும் மேற்பட்ட நாடுகளைச் சேர்த்தது புஷ்ஷின் யோசனை, நல்ல யோசனை. ஆனால் கான் கூட்டம் சட்டத்தின் முன் நிறுத்தப்பட்டுவிட்டது என்றாரே, அங்கேதான் சறுக்கல். பிப்ரவரி 4-ல் கான் டிவியில் ஒப்புக்கொண்டார், மறுநாளே பாகிஸ்தான் ஜனாதிபதி முஷாரஃப் மன்னித்துவிட்டார். அவரை நேரில் விசாரிக்க இன்றுவரை வெளியார் யாரையும் விடவில்லை. யாருக்கெல்லாம் வரைபடம் விற்றார் என்பதுதான் தெரிய வேண்டியது. பின்லேடன் வேட்டைக்கு முஷாரஃப் வேண்டும் என்பதால் புஷ் அதை விட்டுவிட்டார். கெர்ரியும் அழுத்திக் கேட்கவில்லை.

ஈரான் விஷயம் புரிய ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். இயற்கை யுரேனியத்தில் ஆயிரம் அணுவுக்கு ஏழுதான் உலைக்கும் குண்டுக்கும் வேண்டிய யுரேனியம்-235 என்ற ரகம். மீதி 993 பதர். மின்நிலையத்துக்கு 4 சதவிகிதம் போதும். அந்த ஏழு மணியோடு 168 பதர் இருக்கலாம், ஆக 825-ஐப் புடைத்துத் தள்ளியாயிற்று. குண்டுக்கு 90 சதவிகிதம் வேண்டும். இனித் தள்ள வேண்டியது வெறும் 167. அதாவது "விளக்கெரிக்கத்தான்" என்று சொல்லிக்கொண்டே பெரும்பாடு அத்தனையும் முடித்துவிடலாம், அதுவும் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்துக்கு உட்பட்டே. 2002-ல் ஈரானின் நத்தான்ஸ் செறிவூட்டும் ஆலை வெளிச்சத்துக்கு வந்ததும் எல்லோரும் பதறியது அதனால்தான். எரிபொருளை நாமே கொடுப்போம், வாங்க மறுத்தால் நோக்கம் தெரிந்துவிடும் என்கிறார் கெர்ரி. கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் மறுத்தபின் என்ன? பாதுகாப்புக் கவுன்சிலில் ரஷ்யாவுக்கும் சீனாவுக்கும் வீட்டோ இருக்கிறது. ஈரானின் புஷேரில் ரஷ்யர்கள் கட்டுவது கூடங்குளத்தில் கட்டும் அதே ரக 1000 மெகாவாட் உலை, அவர்களுக்கு அது வியாபாரம். புஷ்ஷோ பேச்சுவார்த்தையை பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனியிடம் விட்டுவிட்டார். அந்த மூவர் கையில் மிரட்டலும் இல்லை, கொடுக்க அமெரிக்காவின் சலுகையும் இல்லை. இன்னொரு வேடிக்கை: கொலம்பஸுக்குத் தெற்கே நூறு கிலோமீட்டர் சொச்சத்தில் பைக்டன் என்ற ஊரில் புது சென்ட்ரிஃபியூஜ் ஆலைக்கு இந்த வருஷம்தான் இடம் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அங்கே வேலை கிடைக்கும் என்பது மட்டும் இரண்டு கட்சிக்கும் உவப்பான சேதி.

வடகொரியாதான் இருவரும் நேருக்கு நேர் மோதிய இடம். 1994 ஒப்பந்தம் யோங்பியோன் உலையை நிறுத்தி, புளூட்டோனியம் பிரித்தெடுக்கத் தக்க சுமார் 8000 எரிகோல்களைக் குளத்தில் முத்திரையோடு பூட்டியது. பதிலுக்கு வருஷம் 5 லட்சம் டன் எண்ணெயும் இரண்டு மின் உலைகளும். உலை வேலை வருஷக்கணக்கில் இழுத்தது. வடகொரியா கானிடம் யுரேனிய இயந்திரம் வாங்கியது. 2002 அக்டோபரில் புஷ்ஷின் தூதர் போய் அதைக் கேட்டதும் எல்லாம் உடைந்தது: எண்ணெய் நின்றது, ஆய்வாளர்கள் துரத்தப்பட்டார்கள், 2003 ஜனவரியில் வடகொரியர்கள் பரவல் தடை ஒப்பந்தத்தைவிட்டே வெளியேறினார்கள். இந்த ஜனவரியில் அமெரிக்க விஞ்ஞானி ஹெக்கர் போய்ப் பார்த்தபோது குளம் காலி. கையில் ஒரு ஜாடியில் புளூட்டோனியத்தைக் கொடுத்துக் காட்டினார்களாம். ஆறு நாட்டுப் பேச்சைத் தவிர எதுவும் கூடாது, தனியாகப் பேசினால் வடகொரியா மேல் சீனாவுக்குள்ள பிடி தளரும் என்று புஷ். இரண்டையும் சேர்த்துப் பேசலாம் என்று கெர்ரி. என்னைக் கேட்டால், யாரோடு எந்த மேஜையில் உட்காருவது என்ற வழக்கிலேயே இரண்டு வருஷம் போனதுதான் பெரிய தோல்வி. கோல்கள் குளத்தில் இருந்தவரை எண்ண முடிந்தது. இப்போது எண்ண முடியாது.

ஏவுகணைத் தடுப்பைப் பற்றி அதிகம் எழுதவில்லை. அலாஸ்காவில் ஜூலையில் முதல் தடுப்பு ஏவுகணையை இறக்கிவிட்டார்கள். வருஷத்துக்குச் சுமார் 10 பில்லியன் டாலர். பொருளைப் பூட்டி வைக்கும் வேலை எல்லாவற்றுக்கும் சேர்த்தே ஒரு பில்லியன்தான். சாத்துக்குடி ஏவுகணையில் வர வேண்டியதில்லை. நிலத்தைத் துளைத்து வெடிக்கும் புது அணுகுண்டு ஆராய்ச்சிக்கு புஷ் இந்த வருஷம் 27.6 மில்லியன் கேட்டிருக்கிறார். பாறையில் பத்து மீட்டர் இறங்குவதே கஷ்டம், கதிரியக்கம் வெளியே கசியாதிருக்க அதைப்போலப் பல மடங்கு ஆழம் வேண்டும். அதை நிறுத்துவேன் என்றார் கெர்ரி. ஊருக்கெல்லாம் உபதேசம் செய்துகொண்டு புதுக்குண்டு செய்யக்கூடாது என்பது அவர் வாதம்.

இராக்கை விட முடியாது. இராக்கில் ஆயுதம் தேடிய அமெரிக்கக் குழுவின் டுயல்ஃபர் அறிக்கை நாலு நாள் முன்பு வந்தது, அது சொல்கிறது: சதாமிடம் பேரழிவு ஆயுதக் கையிருப்பு இல்லை, அணுத்திட்டம் 1991-லேயே நின்றுவிட்டது. ஐ.நா. ஆய்வாளர்களுக்கு நாலு மாதம்கூடக் கொடுக்காமல் போருக்குப் போனார்கள். கெர்ரி இப்போது தவறான போர் என்கிறார், ஆனால் 2002 அக்டோபரில் அதிகாரம் கொடுக்கும் தீர்மானத்துக்கு அவரும் கை தூக்கியவர். அதைத்தான் புஷ்ஷின் விளம்பரங்கள் பிடித்துத் தொங்குகின்றன.

இனி உங்கள் கூடங்குளம். இங்கேதான் தராசு மறுபக்கம் சாய்கிறது. ஜனவரியில் புஷ்ஷும் வாஜ்பாயியும் அறிவித்த திட்டப்படி சிவில் அணுசக்தி, விண்வெளி, உயர் தொழில்நுட்பத்தில் படிப்படியாகக் கதவு திறக்கிறது. போன மாதம் இஸ்ரோ தலைமையகத்தைத் தடைப்பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதே மாதத்தில், ஈரானுக்கு உதவினார்கள் என்று நம் அணுமின் கழகத்தின் ஓய்வுபெற்ற தலைவர்கள் இருவர்மீது தடையும் போட்டார்கள். இந்தியா மறுத்திருக்கிறது. ஒரு கை திறக்க, மறு கை பூட்டுகிறது. கெர்ரி கட்சியின் நிபுணர்களோ பழைய பள்ளிக்கூடம். 1978-ல் கார்ட்டர் காலத்துச் சட்டம்தான் தாராப்பூர் எரிபொருளுக்கு முட்டுக்கட்டை. அணுகுண்டுச் சோதனையை அடியோடு தடுக்கும் சி.டி.பி.டி. ஒப்பந்தத்தை 1999-ல் செனட் 51-க்கு 48 என்று தள்ளியபோது கெர்ரி ஆதரவாக ஓட்டுப் போட்டவர். அவர் வந்தால் நீங்களும் கையெழுத்துப் போடுங்கள் என்று டெல்லிக்கு நெருக்கடி வரும். ஆனால் ஒப்பந்தம் நிறைவேற செனட்டில் 67 ஓட்டு வேண்டும், அது அவருக்கும் கிடைக்காது.

கட்டிக்கொண்டிருக்கும் இரண்டு உலைக்கு யார் வந்தாலும் ஆபத்தில்லை. அது சோவியத் யூனியனோடு போட்ட 1988 ஒப்பந்தம். அணுப்பொருள் விற்கும் நாடுகள், எல்லா உலைகளையும் ஆய்வுக்குத் திறந்தால்தான் விற்போம் என்று விதி போட்டது 1992-ல். மூன்றாவது, நாலாவது கேட்டால் அந்த விதி குறுக்கே நிற்கும். அதைத் தளர்த்த மனமுள்ளவர் இருவரில் புஷ்தான். உலகத்துப் பூட்டுகளைச் சரிபார்க்க கெர்ரி, நம் வாசலைத் திறக்க புஷ் என்று நான் நினைக்கிறேன். நீங்கள் வாசக சாலையில் இதை வைத்துச் சண்டை போடலாம்.

13-ம் தேதி மூன்றாவது விவாதம், உள்நாட்டு விஷயம் மட்டும், விட்டுவிடலாம். நவம்பர் 2 இரவு 7.30-க்கு ஓஹாயோவில் ஓட்டுப்பதிவு முடியும். வள்ளியூரில் அப்போது 3-ம் தேதி காலை 6 மணி. ரேடியோவைக் காபியோடு போட்டால் சரியாக இருக்கும். அம்மாவின் முழங்காலுக்கு டாக்டர் என்ன சொன்னார் என்று அடுத்த கடிதத்தில் முதல் வரியாக எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்