எரியுதுன்னா சத்து ஏறுதுன்னு அர்த்தம் இல்லீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

நான் காவேரிப்பட்டணத்துல ஒரு மெடிக்கல் ஷாப்ல வேலை பாக்கறேன். இப்பல்லாம் காலு செவந்து தடிச்சிப் போயி "அரிப்புக்கு ஏதாவது க்ரீம் குடும்மா"ன்னு வர்றவங்க அதிகமாயிட்டாங்க, என்ன போட்டீங்கன்னு கேட்டா மக்னீசியம் ஆயில்னு ஆன்லைன்ல வாங்கி ராத்திரி கெண்டக்கால் இழுக்குதேன்னு காலுல ஸ்ப்ரே அடிச்சிக்கிட்டு அப்படியே படுத்திருக்காங்க. எரிஞ்சுச்சே, கழுவலையான்னு கேட்டா, மக்னீசியம் சத்து கம்மியா இருக்கறவங்களுக்குத்தான் எரியும், போகப்போக சரியாயிடும்னு வீடியோல சொன்னாங்கங்கறாங்க. இதைக் கேக்கும்போதுதான் எனக்குக் கோவம் வருது. எரியறதுக்கும் உடம்புல எவ்ளோ சத்து இருக்குங்கறதுக்கும் சம்பந்தமே இல்லீங்க.

அது பேருக்குத்தான் ஆயில். மக்னீசியம் குளோரைடுங்கற உப்பைத் தண்ணில ரொம்ப கெட்டியா கரைச்சது, தொட்டா வழவழன்னு இருக்கறதால அந்தப் பேரு. ஷேவ் பண்ண இடம், கொசு கடிச்சி சொறிஞ்ச இடம், பித்தவெடிப்பு இதுலெல்லாம் பட்டா புண்ணுல உப்புத்தண்ணி ஊத்துன மாதிரிதான் எரியும். காஞ்சப்புறம் உப்பு தோல் மேலயே தங்கி வறட்சியாகி அரிக்கும். எரிஞ்சா உடனே பச்சத்தண்ணில கழுவிடுங்க, தேய்க்காதீங்க, ஈரம் ஒத்தி எடுத்துட்டு கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவலாம். கொப்புளம், வீக்கம் இருந்தா டாக்டர்தான். போட்டே ஆகணும்னா பாதிக்குப் பாதி தண்ணி கலந்து முதல்ல முழங்கைக்குள்ள கொஞ்சூண்டு போட்டு ஒருநாள் பாத்துட்டு, அப்புறமும் ஒரு இருவது நிமிஷத்துல கழுவிடணும்.

இவ்ளோ பாடுபட்டாலும் தோல் வழியா எவ்ளோ உள்ள போகுதுன்னா, தேவையான அளவுக்குப் போகுதுன்னு சொல்ல உறுதியான ஆதாரம் இல்ல, வெளிய இருக்கறது உள்ள வராம தடுக்கறதுதானே தோலோட வேலையே. இதுல சிலபேர் மாமரத்துக்கும் தக்காளிக்கும் வாங்கற மக்னீசியம் சல்பேட்டை உரக்கடையில இருந்து எடுத்துட்டு வந்து காலை ஊறவைக்கறாங்க, அது மனுஷ உபயோகத்துக்குன்னு சுத்தம் பண்ணது இல்ல, தயவுசெஞ்சு வேணாம். சுகர் இருந்து கால் மரத்துப் போனவங்க சுடுதண்ணில காலை வைக்கவே கூடாது, வெந்தாகூடத் தெரியாது.

நம்ம ஊர்ல இதுக்குப் போயி பாட்டில் தேடணுமா? நூறு கிராம் கேழ்வரகுல 140 மில்லிகிராம் கிட்ட மக்னீசியம் இருக்கு, பெரியவங்களுக்கு ஒரு நாளைக்குத் தேவை முன்னூத்துல இருந்து நானூறு சொச்சம்தான். களி, கீரைக் குழம்பு, கொள்ளு, வேர்க்கடலை, எள்ளுருண்டை இதுலயே பெரும்பங்கு வந்துடும். நாம களிய விட்டுட்டு மூணுவேளையும் பாலிஷ் அரிசிக்கு மாறினோம், தவிட்டோட சேந்து மக்னீசியமும் போயிடுச்சு. மாவைப் புளிக்கவெச்சு கூழாக்குனா, ராகிய மொளகட்டுனா சத்து இன்னும் நல்லா ஒட்டும்.

சாப்பாட்டுல பத்தலன்னு டாக்டர் மக்னீசியம் மாத்திரை எழுதினா அதுலயும் வகை இருக்குங்க. மக்னீசியம் ஆக்ஸைடு விலை கம்மி, ஆனா உடம்புல கம்மியாதான் சேரும், வயித்தால போகும். சிட்ரேட் நல்லா சேரும், அதுவும் சிலருக்கு வயித்தை இளக்கும். கிளைசினேட் பொதுவா வயித்துக்குச் சாது. எதுவானாலும் சாப்பாட்டோட, கம்மி டோஸ்ல ஆரம்பிக்கறது நல்லது. தைராய்டு மாத்திரை போடறவங்க நாலு மணிநேரம் இடைவெளி விடணும். கிட்னி சரியில்லாதவங்க டாக்டரக் கேக்காம தொடவே கூடாது, வெளிய போகவேண்டிய மக்னீசியம் ரத்தத்துல தங்கி இதயத்துடிப்பையே பாதிக்கும்.

இன்னொன்னு. நம்ம கிருஷ்ணகிரி, தருமபுரி ரெண்டு மாவட்டத்துலயும் நிலத்தடித் தண்ணில ஃப்ளோரைடுங்கற உப்பு ஜாஸ்தி, அதுக்குத்தானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் திட்டமே கொண்டுவந்தாங்க. இன்னும் போர் தண்ணி குடிக்கற வீடு இருக்கு. அங்க மூட்டும் முதுகும் புடிச்சி வலிக்குதுன்னா அது ஃப்ளோரைடா இருக்கலாம், அதுக்கு மேல எந்த ஸ்ப்ரே அடிச்சாலும் மாசம்தான் வீணாகும், அரசு ஆஸ்பத்திரில காட்டுங்க.

இதை ஒரு தோல் டாக்டர்கிட்டயும் கேட்டு உங்க பேப்பர்ல விவரமா போடுங்க ஐயா, அந்த கிட்னி விஷயத்தைக் கொஞ்சம் பெரிய எழுத்துல போடுங்க. பாட்டில்ல எப்படிக் கலக்கணும், யாரு போடக்கூடாதுன்னு தமிழ்ல அச்சடிக்கச் சொல்லி அதிகாரிங்க கண்ணுல படற மாதிரியும் எழுதுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்