கம்பி கட்டுவதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலையகத்தில் வீட்டுத்தோட்டம் செய்கிறவர்கள் பன்றித் தொல்லையிலிருந்து தப்ப வேண்டுமானால் சுருக்குக்கம்பி கட்டுவதைத் தவிர வேறு வழியில்லை என்று சென்ற வாரம் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய கோபம் எனக்குப் புரிகிறது. பசறைக்கு மேலே, தோட்டத் தொழிலாளர் வரிசைவீடான எங்கள் லயத்துக்குப் பின்னால் பத்து பேர்ச்சஸ் நிலத்தில் மரவள்ளியும் போஞ்சியும் கறிமிளகாயும் போட்டு, இருபது வருடமாகப் பன்றியோடும் குரங்கோடும் மல்லுக்கட்டுகிறவள் நான். கொழுந்து பறித்துவிட்டு வந்து, மலைநீர் விழும் பீலியிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றி வளர்த்த பாத்தியை ஒரே இரவில் உழுதுபோட்டதுபோலக் கிண்டிவிட்டுப் போயிருந்தால் யாருக்குத்தான் வயிறு எரியாது? ஆனாலும் கம்பியைப் பற்றி அவர் எழுதியதை என்னால் ஏற்க முடியவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்பு எங்கள் நாய் மணி இரண்டு இரவு வீட்டுக்கு வரவில்லை. மூன்றாம் நாள் காலையில் தோட்டத்துக்குக் கீழே, பழைய கோப்பி மரத்தடியில் கண்டுபிடித்தோம். மோட்டார் சைக்கிளின் பிரேக் கம்பியைச் சுருக்குப் போட்டு மரத்தின் அடியில் கட்டியிருந்தார்கள். அது மணியின் இடுப்பில் இறுகியிருந்தது. இழுக்க இழுக்க இறுகும் சுருக்கு அது. மரத்தைச் சுற்றி ஒரு வட்டம் முழுக்கப் புல் இல்லை. செம்மண் தெரியும்வரை பிறாண்டி வைத்திருந்தது. கம்பி போன இடத்தில் மயிரும் தோலும் இல்லை. குறடு வாங்கி வந்து நறுக்கும்வரை மணி குரைக்கவே இல்லை, என் கையை நக்கிக்கொண்டே கிடந்தது. பிழைத்துக்கொண்டது, பின்னங்கால் ஒன்றை இன்றும் இழுத்துத்தான் நடக்கிறது. கம்பி கட்டியவர் கெட்டவர் அல்லர். பக்கத்து லயத்து அண்ணன்தான். பன்றிக்குக் கட்டினேன் தங்கச்சி என்று என் வாசலில் வந்து நின்று அழுதார்.

பன்றிக்குக் கட்டிய கம்பியில் அந்த வழியாக எது வந்தாலும் மாட்டும். 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதியில் ஒரு கருஞ்சிறுத்தை இப்படித்தான் சுருக்கில் சிக்கியது. உடவளவைக்குக் கொண்டுபோய்ச் சிகிச்சை அளித்தும் மூன்றே நாளில் இறந்துபோனது. காண்பதற்கு அவ்வளவு அரிதான ஓர் உயிர். அதன் பிறகும் மலையகத் தோட்டங்களில் சுருக்கில் மாட்டிச் சிறுத்தைகள் செத்துக்கொண்டுதான் இருக்கின்றன. பன்றிக்குட்டியையும் முள்ளம்பன்றியையும் பிடித்துத் தின்கிற சிறுத்தையைக் கொன்றுவிட்டு, பன்றி பெருகிவிட்டது என்று நாமே புலம்புகிறோம். சட்டம் வேறு இருக்கிறது. வழக்கு என்று வந்தால் நீதிமன்ற வாசலில் சம்பளமில்லாமல் நிற்கப்போவது நம்மைப்போன்ற நாட்கூலிக்காரர்தான்.

வேறு வழியே இல்லையா என்று கேட்பவர்களுக்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன். லயத்துக் கூரை மாற்றியபோது கழித்துப்போட்ட பழைய தகரங்களை வாங்கி, ஒரு முழம் மண்ணுக்குள் புதைத்து, மேலே இடுப்பளவு நிற்கும்படி மரவள்ளிப் பாத்தியைச் சுற்றி அடைத்தேன். பன்றி முகத்தால் நெம்பி நுழைகிற பிராணி. உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாமல், அடியில் நெம்பவும் இடமில்லாமல் போனால் பெரும்பாலும் திரும்பிப் போய்விடுகிறது. மூன்று வருடத்தில் இரண்டே முறைதான் உள்ளே வந்தது, அதுவும் மழையில் தகரம் சாய்ந்த இடத்தில். குரங்குக்கு எனக்கு வழி தெரியவில்லை. பப்பாசியைச் செங்காயாகவே பறித்துவிடுகிறேன். விறகுக் குவியலில் ஒரு சாரைப்பாம்பு பல வருடமாகக் குடியிருக்கிறது. விஷமற்றது. அது வந்த பிறகு எலித்தொல்லை குறைந்துவிட்டது. அதை அடிக்கக் கம்போடு வந்தவர்களை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

எல்லா உயிரோடும் கொஞ்சிக் குலாவச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். தேயிலைச் செடிக்குள் சுருண்டு கிடக்கும் பச்சை விரியனுக்குப் பயந்து பயந்துதான் நாங்கள் கை வைக்கிறோம். குளவிக்கொட்டுக்கு இலக்காகி உயிரை விட்ட சகோதரிகளின் செய்தி உங்கள் பத்திரிகையிலேயே வருகிறது. மலையில் குளவிக்கூடு இருக்கிறது என்று தெரிந்தும் அந்த மலைக்கு ஆள் அனுப்புவது குளவியின் குற்றமன்று; அனுப்புகிறவர்களின் குற்றம். கூட்டை முதலில் அகற்ற வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

நான் வருத்தப்படுவது வேறொன்றுக்காக. பாம்பு, பூச்சி, பங்கசு என்கிற பூஞ்சை எல்லாவற்றையும் பேர்கூடத் தெரிந்துகொள்ளாமல் பகையாகப் பார்க்கிற பழக்கம் நம்மிடம் கூடிவருகிறது. எங்கள் வேலியோரத்தில் ஒரு கறையான் புற்று உண்டு. மண்ணெண்ணெய் ஊற்றி அழித்துவிடு என்று சொல்லாதவர் இல்லை. என் அப்பாயி இருந்தவரை யாரையும் அதன்மேல் கை வைக்க விட்டதில்லை. ஐப்பசியில் இடி இடித்து மழை பெய்த மறுநாள் விடியற்காலையில் என் கையைப் பிடித்துக்கொண்டு கூட்டிப்போவார். புற்றைச் சுற்றி மண் வெடித்திருக்கும். வெடிப்புக்குள்ளிருந்து காளான் தலைநீட்டும். குடையின் நடுவில் கூரான ஒரு முனை இருக்கும், மண்ணை முட்டித் திறப்பதற்கென்றே வைத்ததுபோல. இழுத்துப் பிடுங்கக் கூடாது என்பார். விரலால் மண்ணை விலக்கிக்கொண்டே போனால் தண்டு வேர்போல மெலிந்து கீழே கீழே போய்க்கொண்டிருக்கும். என் முழங்கை வரை உள்ளே போன நாட்களும் உண்டு.

அந்த வேர் எங்கே போகிறது என்பதைப் பாடசாலையில் யாரும் சொல்லித் தரவில்லை. பின்னாளில் வாசித்துத்தான் தெரிந்துகொண்டேன். புற்றுக்குள் கறையான்கள் காய்ந்த இலையையும் உளுத்த மரத்தையும் தின்று கழித்து, கடற்பஞ்சுபோல ஒரு மேடை கட்டி, அதில் பங்கசு வளர்த்து உண்கின்றன. அந்த மேடையிலிருந்துதான் நம் காளான் முளைத்து வருகிறது. ஏறத்தாழ மூன்று கோடி வருடமாக நடக்கும் விவசாயம் இது என்கிறார்கள். பேராதனையில் பணியாற்றி, பிறகு தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்தின் முதல் பணிப்பாளரான பங்கசு ஆய்வாளர் தாமஸ் பெட்ச் 1906இலேயே இலங்கைக் கறையான் புற்றுகளின் பங்கசைப் பற்றி ஆராய்ந்து எழுதியிருக்கிறார். சிப்பிக்காளானைப்போல இதைப் பையில் வளர்த்து எடுக்க முடியாது. புற்றை அழித்தால் காளானும் போயிற்று.

காளான் விடயத்தில் ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். வெள்ளிக்காசு கறுத்தால் விஷம், மஞ்சள் போட்டு அவித்தால் முறியும், பூச்சி தின்றதை நாமும் தின்னலாம் என்பதெல்லாம் பொய். புல்தரையில் வெள்ளையாகப் பெரிதாக முளைத்து, முற்றியதும் குடையின் அடிமடிப்பு பச்சைநிறம் கொள்ளும் காளான் ஒன்று உண்டு. தின்ற சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாகும். அதைவிடக் கொடியவை, தின்று ஆறு மணி நேரத்துக்கு மேல் ஒன்றும் காட்டாமல் இருந்துவிட்டு, பிறகு ஈரலைக் கெடுப்பவை. நடுவில் ஒரு நாள் குணமானதுபோலத் தோன்றும். நம்பி வீட்டிலிருந்தால் உயிர் போய்விடும். நிச்சயமாகத் தெரியாத காளானைத் தொட்டுச் சமைக்காதீர்கள். தின்றுவிட்டால் மிச்சக் காளானையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

நாம் இந்த மலைகளில் இப்போது செய்கிற தொழிலே ஒரு பங்கசால் வந்தது. 1869இல் எங்களுக்கு அடுத்த மடுல்சீமையில்தான் கோப்பி இலையில் துருநோய் முதலில் கண்ணில்பட்டது. இருபது வருடத்துக்குள் கோப்பி அழிந்து தேயிலை வந்தது. 1880இல் அந்த நோயை ஆராய வந்த தாவரவியலாளர் மார்ஷல் வார்ட், காற்றில் பறக்கும் பங்கசின் வித்தி எங்கே விழுந்தாலும் கோப்பியாகவே இருக்கும்படி மலைமலையாக ஒரே பயிரை நட்டுவைத்ததுதான் நோய்க்கு வசதியாகிவிட்டது என்று எடுத்துச் சொன்னார். காட்டை வெட்டிச் சாய்த்து அந்தக் கோப்பியை நட்டவர்கள் நம் முப்பாட்டன்மார். செய்யச் சொன்னதைச் செய்தார்கள். பங்கசின்மேல் பழியைப் போட்டுவிட்டு நாம் நிம்மதியாக இருக்க முடியாது.

2025 மார்ச் 15ஆம் திகதி காலை எட்டு மணிக்கு நாடு முழுவதும் ஐந்து நிமிடம் குரங்கையும் மயிலையும் எண்ணச் சொன்னார்கள். நானும் எண்ணினேன். எண்ணிக் கொடுத்ததற்குப் பதிலாக நாங்கள் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. எந்தப் பாம்பு விஷமுள்ளது, எந்தக் காளான் கொல்லும், பன்றி வந்தால் எந்த இலக்கத்துக்கு அழைக்க வேண்டும் என்பதைப் படத்தோடு தமிழில் அச்சடித்து ஒவ்வொரு லயத்துக்கும் பிள்ளை நிலையத்துக்கும் கொடுங்கள். ஒருமுறை உதவி கேட்டு ஓர் அலுவலகத்துக்கு அழைத்து, மறுமுனையில் தமிழ் தெரிந்தவர் இல்லாமல் வைத்துவிட்டவள் நான். கம்பி கட்டாதே என்று மட்டும் சொன்னால் போதாது. வேலி போடத் தகரமோ வலையோ கொடுக்கத் தோட்ட நிர்வாகங்களும் முன்வர வேண்டும்.

கடிதம் எழுதிய அந்த வாசகர் பசறைப் பக்கம் வருவதாக இருந்தால் கட்டாயம் எங்கள் வீட்டுக்கு வரட்டும். தகரத்தை எவ்வளவு ஆழத்தில், எந்தச் சாய்வில் புதைத்தேன் என்று காட்டுகிறேன். மணியையும் பார்த்துவிட்டுப் போகட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பசறை.