முதுகு ஸ்பிரிங்கைப் பார்த்து வாங்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. பிட்ஸ்பர்க்கில் நானும் அம்மாவும் நலம். ஆஸ்டினில் வெயில் சற்றுத் தணிந்திருக்கும் என்று நம்புகிறோம். கையால் செய்த மடக்குக் கத்திகளை நீயும் சேர்க்கத் தொடங்கப் போவதாகவும், பார்த்து வைத்திருக்கும் மூன்றில் எதை வாங்கலாம் என்று சொல்லும்படியும் எழுதியிருந்தாய். நீ அனுப்பிய படங்கள் எல்லாவற்றிலும் கைப்பிடிதான் பளபளக்கிறது. ஒன்றில்கூட முதுகுப் பக்கம் தெரியவில்லை. முதுகைக் காட்டும் படங்களை விற்பவர்களிடம் கேட்டு வாங்கு. வந்தபின் என் கருத்தைச் சொல்கிறேன். அதற்குள், ஒரு கத்தி கைக்கு வந்தால் நான் எதை முதலில் பார்ப்பேன், எதைக் கடைசியாகப் பார்ப்பேன் என்பதை விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

நீ விரும்புபவை பூட்டு இல்லாத மரபுக் கத்திகள். இந்த நாட்டில் ஸ்லிப்ஜாயின்ட் என்பார்கள். விரித்த அலகை அந்த நிலையில் நிறுத்தி வைப்பது கத்தியின் முதுகில் ஓடும் எஃகு ஸ்பிரிங்கின் அழுத்தம் மட்டுமே. அலகிலுள்ள நகக்குழியில் கட்டைவிரல் நகத்தைக் கொடுத்து இழுக்கும்போது அலகின் அடிப்பகுதி அந்த ஸ்பிரிங்கை மேலே தள்ளுகிறது. பாதி திறந்ததும் அடிப்பகுதியின் தட்டையான முகம் ஒன்று ஸ்பிரிங்கில் படிந்து, அலகு செங்குத்தாக நிற்கிறது. மேலும் இழுத்தால் ‘டக்’கென்று முழுவதும் விரிந்து அமர்கிறது. சில கத்திகளில் இந்த நடு நிறுத்தம் இராது, அடிப்பகுதியை வட்டமாகத் தேய்த்திருப்பார்கள். அது குறையன்று, செய்பவரின் விருப்பம்.

கத்தியை மூடிய நிலையில் பிடித்து முதுகை விரல் நகத்தால் குறுக்கே வருடிப் பார். நடுவிலுள்ள ஸ்பிரிங்கும் அதன் இருபுறமும் உள்ள உள்தகடுகளும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். பிறகு பாதி திறந்து வருடு. முழுவதும் திறந்து மறுபடியும் வருடு. மூன்று நிலைகளிலும் ஸ்பிரிங் மேலெழாமலும் உள்ளே அமுங்காமலும் இருக்க வேண்டுமானால், அச்சாணியிலிருந்து அடிப்பகுதியின் மூன்று முகங்களும் ஒரே தொலைவில் அமைந்திருக்க வேண்டும். அங்குலத்தில் ஆயிரத்தில் ஓரிரு பங்கு பிசகினாலும் நகத்திற்குத் தெரிந்துவிடும். அந்தப் பிசகை நீக்க, செய்பவர் அலகைக் கழற்றி, கொஞ்சம் தேய்த்து, மறுபடி பொருத்தி, அளந்து, மறுபடி கழற்றித் தேய்க்க வேண்டும். கைவேலை என்று நாம் விலை கொடுப்பது இந்த உழைப்புக்குத்தான். கைப்பிடியை மெருகேற்றுவது இதோடு ஒப்பிட்டால் எளிது. அதனால்தான் சுமாரான கத்திகள்கூடப் படத்தில் அழகாக இருக்கின்றன.

அடுத்து, கத்தியை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடி. ஸ்பிரிங்குக்கும் உள்தகட்டுக்கும் இடையே வெளிச்சக் கீற்று தெரியக் கூடாது. விரித்த அலகை மேலும் கீழும் பக்கவாட்டிலும் மெல்ல அசைத்துப் பார். ஆட்டம் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடு. இரண்டு மூன்று அலகுகள் உள்ள கத்தியானால், மூடும்போது அவை ஒன்றையொன்று உரசுகின்றனவா என்று பார்க்க வேண்டும். உரசாமலிருக்க அலகுகளை அடியில் மிக இலேசாக வளைத்திருப்பார்கள்; அந்த வளைவு கண்ணுக்கு உறுத்தாமல் இருப்பதே திறமை. ஸ்பிரிங் கடினமாக இருந்தால் கத்தி உயர்ந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நகம் பெயரும்படி இழுக்க வேண்டிய கத்தியை நீ இரண்டு முறைக்கு மேல் திறக்க மாட்டாய். திறந்து மூடும் ஒலி கூர்மையாகவும், அசைவு ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒரே சீராகவும் இருந்தால் போதும். ஆனால் அந்த ஒலிக்கு ஆசைப்பட்டு, மூடும்போது அலகைத் தானாக அறைந்து விழ விடாதே. சில கத்திகளில் அலகின் வெட்டும் விளிம்பு உள்ளே ஸ்பிரிங்கில் மோதிச் சிதைந்துவிடும்.

இனி, யாரிடம் வாங்குவது என்பது. இந்தத் தொழில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலிருந்து வந்தது. 1890ஆம் ஆண்டின் மெக்கின்லி சுங்கச் சட்டம் இறக்குமதிக் கத்திகளின் விலையை ஏற்றிவிட்ட பிறகு, நியூயார்க், பென்சில்வேனியா மாநிலங்களின் சிற்றூர்களில் கத்தித் தொழிற்சாலைகள் செழித்தன. அவற்றில் மிஞ்சியிருப்பவை சிலதான். எல்லன்வில்லில் இருந்த ஷ்ரேட் 2004இல் மூடப்பட்டது, கமில்லஸ் 2007இல். ஆனால் பெயர்கள் விற்கப்பட்டு, ஷ்ரேட் என்ற முத்திரையோடு சீனாவில் செய்த கத்திகள் கடைகளுக்கு வந்தன. ஆகவே அலகின் அடியில் உள்ள முத்திரை மட்டும் எதையும் உறுதிப்படுத்தாது. எந்தக் காலத்து முத்திரை என்று தெரிந்திருக்க வேண்டும். பிராட்ஃபோர்டில் உள்ள கேஸ் நிறுவனம் இதில் உதவியானது: 1970இல் முத்திரையின் கீழ் பத்துப் புள்ளிகள் வைத்து, ஆண்டுக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டே வந்தார்கள், அந்தப் பத்தாண்டுக் கத்திகளில் புள்ளியை எண்ணினால் ஆண்டு தெரியும். கேஸ் பெரிய நிறுவனம். பழக்கத்திற்கு ஒன்று வாங்கிக்கொள், ஆனால் நீ கேட்டது சிறு பட்டறைகளைப் பற்றி.

எங்கள் ஊரிலிருந்து வடக்கே காரில் இரண்டு மணி நேரத்தில் டைட்டஸ்வில் என்ற ஊர் இருக்கிறது. 1859இல் டிரேக் என்பவர் எண்ணெய்க் கிணறு தோண்டிய ஊர் என்று பள்ளியில் படித்திருப்பாய். கத்திச் சேகரிப்பவர்களுக்கு அந்த ஊர் வேறு காரணத்தால் முக்கியம். 1922இல் தொடங்கிய குவீன் கட்லரி அங்கேதான் இயங்கி 2018இல் மூடியது. பில் ஹோவர்டும் கென் டேனியல்ஸும் 2006இல் தொடங்கிய கிரேட் ஈஸ்டர்ன் கட்லரி அங்கே உள்ளது. நார்த்ஃபீல்ட், டிடியூட் என்ற பழைய பெயர்களிலும் அவர்கள் கத்தி செய்கிறார்கள். தொழிற்சாலை என்றாலும் பழங்காலத்து அச்சு இயந்திரங்களும், ஒவ்வொரு கத்தியையும் கையில் எடுத்துப் பொருத்தும் ஆட்களும்தான். ஒரு வடிவத்தைச் சில நூறு கத்திகள் செய்துவிட்டு அடுத்த வடிவத்துக்குப் போய்விடுவார்கள். அதே கத்தி மீண்டும் வர ஆண்டுகள் ஆகலாம். அவர்களுடைய மாதிரி எண்ணில் முதல் இரண்டு இலக்கங்கள் வடிவத்தையும் கடைசி இரண்டும் ஆண்டையும் குறிக்கும். இந்தத் தட்டுப்பாட்டைப் பயன்படுத்திக் கொள்பவர்களும் உண்டு: வந்த அன்றே வாங்கி, மறுநாளே இரட்டை விலைக்கு விற்பார்கள். அவர்களிடம் வாங்காதே. பொறுத்திருந்தால், சேர்த்துச் சலித்தவர் ஒருவர் நியாயமான விலைக்குக் கொடுப்பார்.

தனி ஆளாகப் பட்டறையில் உட்கார்ந்து செய்பவர்களின் கத்தி இன்னொரு படி மேல். அந்த வரிசையில் எல்லோரும் முதலில் சொல்லும் பெயர் காலஞ்சென்ற டோனி போஸ். இண்டியானாக்காரர், பழைய தொழிற்சாலைக் கத்திகளைக் கூர்ந்து பார்த்து, அவற்றின் வடிவங்களைப் பல மடங்கு துல்லியமாகச் செய்தவர். கேஸ் நிறுவனமே அவரோடு சேர்ந்து கத்திகள் வெளியிட்டது. தெரிந்ததை ஒளிக்காமல் இளையவர்களுக்குக் கற்றுக் கொடுத்ததால், இன்று நல்ல கத்தி செய்பவர்களில் பலர் ஏதோ ஒரு வகையில் அவரிடம் கடன்பட்டவர்கள். அவர் கையால் செய்த கத்தி இப்போது நம் கைக்கு எட்டாத விலையில் இருக்கிறது. ஆனால் நீ இருக்கும் டெக்ஸாஸிலேயே இந்தக் கலையில் தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். பில் ரூப்பிள், என்ரிக்கே பெனா இருவருடைய வேலையையும் கையில் எடுத்துப் பார்க்க முடிந்தால் பார். கைப்பிடி முனையிலுள்ள உலோகப் பூணும் உள்தகடும் தனித்தனியாக இல்லாமல் ஒரே எஃகுத் துண்டிலிருந்து கடைந்தெடுத்திருந்தால், அந்த இடத்தில் இணைப்புக் கோடே இராது. விலை ஆயிரம் டாலருக்கு மேல் போவது ஏன் என்று அப்போது நான் சொல்ல வேண்டியதில்லை.

எஃகைப் பற்றி அதிகம் கவலைப்படாதே. கிரேட் ஈஸ்டர்ன் பெரும்பாலும் 1095 என்ற கார்பன் எஃகைப் பயன்படுத்துகிறது. நன்றாகச் சாணை பிடிக்கலாம், துருப்பிடிக்கவும் செய்யும். ஆப்பிள், மாம்பழம் நறுக்கினால் நீலமும் சாம்பலுமாக ஒரு படிவு வரும். அது நல்லது, தேய்த்து எடுக்காதே. செந்துருவை மட்டும் எண்ணெய் விட்டுத் துடைத்துவிடு. பழைய கத்தியை மெருகேற்றிப் பளபளப்பாக்கினால் பாதி மதிப்பு போய்விடும்.

கைப்பிடியில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். இந்த நாட்டுச் சேகரிப்பாளர்கள் உயர்வாக மதிக்கும் மான்கொம்புப் பிடி பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வந்ததுதான். நாம் கடமான் என்றும், தெற்கே மிளா என்றும் சொல்லும் விலங்கு ஆண்டுதோறும் கொம்பை உதிர்க்கிறது. அந்தக் கொம்பு உள்ளே பொள்ளல் குறைந்து கெட்டியாக இருப்பதால் மெல்லிய பிடிக்கு ஏற்றது. காட்டில் பொறுக்கிய கொம்பு ஷெஃபீல்டுக்கும் அமெரிக்காவுக்கும் நெடுங்காலம் ஏற்றுமதியானது. உதிர்ந்த கொம்பு என்ற பெயரில் வேட்டையும் நடக்கிறது என்பதால் 1990களின் இறுதியில் இந்திய அரசு ஏற்றுமதியைத் தடை செய்தது. அதிலிருந்து பழைய இருப்பை வைத்துக்கொண்டுதான் இங்குள்ளவர்கள் காலம் தள்ளுகிறார்கள், விலையும் ஏறிவிட்டது. எனக்கு அந்தத் தடை சரியென்றே படுகிறது. செதுக்கிச் சாயமேற்றிய மாட்டெலும்புப் பிடி அழகிலும் உழைப்பிலும் குறைந்ததன்று. உன் முதல் கத்தி அதுவாகவே இருக்கட்டும். கொம்புப் பிடி வாங்கினால் ஊருக்குப் போகும்போது எடுத்துச் செல்லாதே, வீண் வம்பு.

பழைய கத்திகளில் செல்லுலாய்டு என்ற அந்தக்காலப் பிளாஸ்டிக்கில் பிடி போட்டவை வானவில் போல மயக்கும். அவற்றை மற்றக் கத்திகளோடு ஒரே பெட்டியில் வைக்கவே கூடாது. பழைய செல்லுலாய்டு சிதையத் தொடங்கினால் அமில ஆவி வெளிவரும்; அது பக்கத்திலுள்ள அலகுகளையும் துருவேற்றிவிடும். பிடியை ஒட்டிய இடத்தில் மட்டும் அலகு துருப்பிடித்திருந்தால் அதுதான் அறிகுறி. தோல் உறையிலும் நீண்டநாள் வைக்காதே. தோல் பதனிட்ட மருந்து எஃகைத் தின்னும், பித்தளை உள்தகடு பச்சைக் களிம்பு பிடிக்கும். மூட்டில் ஒரு சொட்டு மினரல் ஆயில், துணிச் சுருள், காற்று ஈரமில்லாத இழுப்பறை, இவ்வளவு போதும். சமையல் எண்ணெய் வேண்டாம், அது நாளாவட்டத்தில் பிசுபிசுத்துக் கெட்டியாகிவிடும்.

டெக்ஸாஸ் சட்டம் ஐந்தரை அங்குலத்துக்குக் குறைந்த அலகைப் பற்றி அதிகம் கேட்பதில்லை என்றாலும், உன் அலுவலகத்துக்கென்று விதி இருக்கும், விசாரித்துக்கொள். விமானத்தில் கைப்பையில் வைத்தால் பறித்துக்கொள்வார்கள், பெட்டியில் போட்டு ஏற்றிவிட வேண்டும்.

எத்தனை வாங்குவது என்றும் கேட்டிருந்தாய். ஒன்று வாங்கு. அதைப் பையில் வைத்துக்கொண்டு கடிதம் பிரி, பழம் நறுக்கு, கயிறு அறு. அதன் நடையும் ஒலியும் கைக்குப் பழகினால்தான் இரண்டாவது கத்தி அதைவிட மேலா கீழா என்று உனக்கே தெரியும். கையில் பிடித்தே பாராமல் படத்தைப் பார்த்து இருபது கத்தி வாங்கியவர்களை எனக்குத் தெரியும். எல்லாம் ஒரே மாதிரி சுமாரானவை.

ஆண்டுதோறும் ஜூனில் அட்லாண்டாவில் பிளேட் ஷோ நடக்கிறது. செய்பவர்களே மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். முதுகை வருடிப் பார்க்க அனுமதி கேட்டால் மகிழ்ச்சியோடு கொடுப்பார்கள். இந்த முறை நான் போகலாம் என்றிருக்கிறேன். நீயும் வருவதானால் டிக்கெட் எடுக்கும் முன் சொல், ஒரே ஹோட்டலில் அறை போட்டுவிடலாம். அம்மா வரவில்லையாம், நாம் இருவரும் போனால் கார்டுக் கடன் எவ்வளவு ஆகும் என்று மட்டும் கேட்கச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா