இலவசத்தில் ஊறிய மண்ணிலிருந்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தங்கள் இதழைக் காசு கொடுத்து வாங்கிப் படித்துவருபவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். வலதுசாரிக் கட்சிகள் நிதிக் கட்டுப்பாட்டுக்குத் திரும்புமா என்று ஆராயும் சென்ற இதழ்த் தலையங்கத்தில், “செலவைக் குறைப்போம் என்று சொல்லும் கட்சிக்குக் காவிரிப் படுகையில் டெபாசிட்கூட மிஞ்சாது; இலவசத்தில் ஊறிய மண் அது” என்று ஒரு வரி வருகிறது. எங்கள் மண் ஆற்றுத் தண்ணீரில் ஊறியது. கடைமடைக்கு அதுவும் எல்லா ஆண்டும் வந்து சேர்வதில்லை என்பது தாங்கள் அறியாததன்று. தலையங்கம் எழுதிய அவசரத்தில் மறந்திருக்கலாம்.

2021 தை மாதம் நடந்ததைச் சொல்கிறேன். குறுவைக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய பயிர்க்கடனுக்குக் கெடு நெருங்கியிருந்தது. அந்த ஜனவரியில் பருவம் தப்பிக் கொட்டிய மழையில், அறுப்புக்கு நின்ற சம்பா சாய்ந்து கதிரிலேயே முளைவிட்டது. அப்படியும் சொன்ன தேதி தவறக் கூடாது என்று மனைவியின் சங்கிலியை அடகு வைத்துக் கடனைக் கட்டி முடித்தேன். பிப்ரவரி 5 அன்று, ஜனவரி 31 வரை நிலுவையில் நின்ற கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாயும் தள்ளுபடி என்று சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். “பத்து நாள் பொறுத்திருக்கக் கூடாதா பெரியப்பா?” என்று சங்கத்தில் கணக்கு எழுதும் பையன் உண்மையான பரிதாபத்தோடு கேட்டான். அந்த ரசீது இன்றும் என் பஞ்சாங்கத்துக்குள் மடித்தபடி இருக்கிறது. சங்கிலியை மீட்க இரண்டு போகம் ஆயிற்று. 2006 தள்ளுபடியிலும் கட்டியவன் ஏமாந்தவனானான், கட்டாதவன் கெட்டிக்காரனானான். எனவே, ஊறியது மண்ணா, அதை ஊற வைத்தது யார் என்பதைத் தலையங்கம் எழுதுமுன் விசாரித்திருக்கலாம்.

நான் உத்தமன் என்று சொல்லவரவில்லை. என் பம்புசெட்டுக்கும் 1990 முதல் கட்டணமில்லா மின்சாரம்தான். மீட்டர் ஓடாத மோட்டாரை நிறுத்த நடுநிசியில் எழுந்துபோக யாருக்கும் கால் வருவதில்லை. விடிந்து பார்த்தால் வரப்பு உடைந்து பக்கத்துத் திடலில் தண்ணீர் நிற்கும். சிக்கனத்தைக் கொள்கையாகக் கொண்ட கட்சி ஒன்று, “உங்களுக்கு இவ்வளவு யூனிட் வரை இலவசம், அதற்கு மேல் காசு” என்று என் வீட்டு வாசலில் வந்து சொல்லியிருந்தால் முணுமுணுத்திருப்பேன். ஆனாலும் ஓட்டுப் போட்டிருப்பேன். இதுவரை யாரும் வந்து சொன்னதில்லை. எதிர்க்கட்சியின் வாக்காளருக்குப் போவது இலவசம், தன் வாக்காளருக்குப் போவது நலத்திட்டம் என்ற அகராதியைத்தான் எல்லோரும் வைத்திருக்கிறார்கள்.

இராஜாஜி தொடங்கிய சுதந்திரா கட்சியை ஒரே வரியில் “மிராசுதார்களின் கட்சி” என்று தள்ளிவிட்டீர்கள். என் தந்தை அந்தக் கட்சிக்காரர்; அவருக்கு இருந்தது மூன்று ஏக்கர். தஞ்சை மிராசுதார்களைக் கொதிக்க வைத்த 1952-ஆம் ஆண்டுப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் இராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது வந்தது என்பது தங்களுக்குத் தெரியாமலிராது. அதற்கும் முன்னால், மதுவிலக்கால் போன வருமானத்தை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரியைக் கொண்டுவந்து, அதற்கான வசவையும் அவரே வாங்கிக்கொண்டார். ஒரு வருமானத்தை விட்டால் அந்த ஓட்டையை எதைக்கொண்டு அடைப்பது என்று சொல்லும் அந்தப் பழக்கத்தைத்தான் நான் நிதிக் கட்டுப்பாடு என்கிறேன். அதே சமயம், 1967-இல் சுதந்திரா கட்சியே, ரூபாய்க்கு “மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்” என்று அரிசிக் கோஷம் போட்ட தி.மு.க.வோடு கூட்டணி வைத்து, அரிசிக்குப் பணம் எங்கே என்று வாய் திறக்காமல் இருந்ததையும் மறைக்க மாட்டேன். அக்கட்சியின் நட்சத்திரச் சின்னம் அச்சிட்ட துண்டறிக்கைகளைப் பதினேழு வயதில் வீடுவீடாகக் கொடுத்தவன் நான். ஒரு படித் திட்டம் சென்னையிலும் கோவையிலும் தொடங்கியது. நெல் விளைத்த எங்களுக்கு அதுவும் இல்லை என்று அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்றைய வலதுசாரிக் கட்சியான பா.ஜ.க.வுக்கு வழி தெரியாமல் இல்லை. அரசின் பற்றாக்குறைக்கு வரம்பு கட்டும் நிதிப் பொறுப்புச் சட்டத்தை 2003-இல் வாஜ்பாய் ஆட்சியில் நிறைவேற்றியவர்களும், 2018-இல் அதிலிருந்து வருவாய்ப் பற்றாக்குறை (அன்றாடச் செலவு வருவாயை மிஞ்சும் தொகை) இலக்கை நீக்கியவர்களும் ஒரே கட்சியினர். கொரோனா ஆண்டில் கடன் வாங்கியதை நான் குறை சொல்ல மாட்டேன்; வீட்டில் நோயென்றால் யாரும் வாங்குவார்கள். ஆனால் 2022 ஜூலையில் “ரேவடி கலாச்சாரம்” (ரேவடி என்பது வடநாட்டு எள் மிட்டாய்) என்று பிரதமர் இலவசங்களை எச்சரித்துவிட்டுப் போக, மறு ஆண்டே மத்தியப் பிரதேசத்தில் அவர் கட்சி அரசு பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தொடங்கி 1,250 ஆக்கியது. 2024-இல் மகாராஷ்டிரத்தில் அக்கட்சி பங்கேற்ற அரசு 1,500 கொடுத்தது. கொடுப்பது தவறென்று சொல்லவில்லை, என் மருமகளும் இங்கே மாதம் ஆயிரம் வாங்குகிறாள். அடுத்தவன் கொடுத்தால் மிட்டாய், தான் கொடுத்தால் தாய்வீட்டுச் சீரா? நீக்கிய இலக்கைச் சட்டத்தில் திரும்பச் சேர்ப்பதும், தான் ஆளும் மாநிலங்களில் முதலில் கணக்குக் காட்டுவதும் அக்கட்சிக்கு முடியாத காரியங்கள் அல்ல. வீண்செலவைத் தேடி அலைய வேண்டாம்: நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று கை நீட்டுவதைப் பற்றிச் சென்ற ஆண்டு இரண்டு பக்கம் எழுதி அனுப்பியிருந்தேன், தாங்கள் அதை நான்கு வரியாக்கி, துணுக்குகளுக்கு நடுவே போட்டீர்கள்.

என் வேண்டுகோள் சிறியது. உச்ச நீதிமன்றத்தின் 2013 தீர்ப்பையடுத்து, வாக்குறுதிக்கான பணத்தை எப்படித் திரட்டுவது என்பதைத் தேர்தல் அறிக்கையில் குறிப்பிட வேண்டும் என்று தேர்தல் ஆணையம் நடத்தை விதிகளில் சேர்த்தது. கட்சிகள் அதை எப்படி மதிக்கின்றன என்று தங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தேர்தலுக்குத் தேர்தல் தாங்கள் வெளியிடும் வாக்குறுதி ஒப்பீட்டு அட்டவணையில் “பணம் எங்கிருந்து?” என்று ஒரு கட்டத்தைக் கூடுதலாகச் சேருங்கள். பதில் தராத கட்சிக்கு, அது எந்தச் சாரியாக இருந்தாலும், கட்டத்தை வெறுமையாக விட்டு அச்சிடுங்கள். இடம் போதாது என்று சொல்லிவிடாதீர்கள். சென்ற ஆண்டு என் கடிதத்தில் கத்தரித்த இடமே அதற்குப் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்.