இரண்டாவது ஆளின் பெயர் எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற இதழில் பொடிப்பனிச் (மாவுபோலப் புதிதாகப் பெய்து கிடக்கும் பனி) சறுக்கிலும் ஜோடிச் சறுக்கிலும் பட்டம் வென்ற வீரரைப் பற்றிய கட்டுரை படித்தேன். கிரிக்கெட்டும் செஸ்ஸும் போக மிச்சமிருக்கும் பக்கத்தில் இதற்கு இடம் கொடுத்ததே பெரிய விஷயம். ஆனால் நடுவில் ஒரு வரி இடித்தது: 'ஒலிம்பிக் வரை போக முடியாமலே ஓய்வு பெற்றார்.' போக முடியாமல் என்ன? அவர் ஆடிய, பொடிப்பனியில் இருவர் ஜோடியாக இறங்கும் 'பவுடர் எய்ட்' ஆட்டம் ஒலிம்பிக்கிலேயே கிடையாது.

கிடையாது என்பதற்குக் காரணம் பனிதான். ஒலிம்பிக் பந்தயப் பாதை கல் மாதிரி கெட்டியாக இருக்க வேண்டும். அதற்காகத் தண்ணீர் பாய்ச்சி உறைய வைப்பார்கள். பனி பெய்யாவிட்டாலும் கவலையில்லை. 2022இல் பெய்ஜிங்கில் கிட்டத்தட்ட முழுவதும் இயந்திரம் உமிழ்ந்த செயற்கைப் பனியில்தான் போட்டிகள் நடந்தன. பொடிப்பனிப் போட்டிக்கு அந்த வித்தை எடுபடாது. வானத்திலிருந்து புதிதாக விழுந்து, யார் காலும் படாத சரிவு வேண்டும். ஒரு ஜோடி இறங்கிவிட்டால் அந்தத் துண்டு தீர்ந்தது, அடுத்த ஜோடிக்கு வேறு துண்டு. இதை எந்த ஒலிம்பிக் கமிட்டி அட்டவணை போட்டு நடத்தும்?

கட்டுரையில் 'பவுடர் எய்ட்' போட்டியையும் ஒருங்கிசைவுச் சறுக்கையும் ஒன்றாகக் குழப்பியிருக்கிறார்கள். ஒருங்கிசைவுச் சறுக்கில் எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் திரும்புவார்கள். 1951இல் ஆஸ்திரியாவின் ட்ஸ்யூர்ஸில் தொடங்கிய, சறுக்குப் பயிற்றுநர்களின் உலக மாநாடான இன்டர்ஸ்கியில் ஒவ்வொரு நாட்டுப் பயிற்றுநர் அணியும் வரிசை கட்டி இறங்கிக் காட்டுவது இந்த வகை. பவுடர் எய்ட் அப்படியல்ல. முன்னால் போகிறவர் வளைந்து வளைந்து ஒரு தடம் போடுவார். பின்னால் வருகிறவர் அதற்கு நேர் எதிராக வளைந்து, அந்தத் தடத்தை ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு முறை வெட்டிக்கொண்டு போக வேண்டும். முடிந்ததும் கீழிருந்து பார்த்தால் சரிவு முழுக்க 8, 8, 8 என்று கோர்த்த சங்கிலி தெரியும். ஆட்டக்காரர்கள் கிளம்பிப் போன பிறகும் மதிப்பெண் தாள் மலைமேலேயே கிடக்கிறது என்று சொல்லலாம். வளைவு உருண்டையாக இருக்கிறதா, இடமும் வலமும் ஒரே அளவா, இருவரின் அசைவும் சேர்ந்து போனதா என்றுதான் நடுவர்கள் பார்ப்பார்கள்.

அமெரிக்காவில் வயோமிங் மாநிலத்து ஜாக்சன் ஹோலில் 1970களிலிருந்தே இந்தப் போட்டிக்குப் பெயர் உண்டு. உலகப் பட்டத்துக்கான போட்டியைக் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், ப்ளூ ரிவர் என்ற சிற்றூரில் மைக் வீகலே பல ஆண்டுகள் நடத்தினார். ஆஸ்திரியாவில் பிறந்து கனடாவில் ஹெலிகாப்டரில் மலைமேல் போய்ச் சறுக்கி இறங்கும் ஹெலிகாப்டர் சறுக்குத் தொழிலை வளர்த்தவர்களில் ஒருவர் அவர், 2021இல் காலமானார்.

இப்போது அந்த இரண்டாவது ஆளைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். முன்னவர் கிளப்பும் பனித்தூள் அப்படியே இவர் முகத்தில் வந்து விழும். கண்ணாடி வெளுத்துவிடும். தூசிக்குப் பயந்து தள்ளிப் போனால் தாளம் தப்பும், ஒட்டிப் போனால் ஒன்றும் தெரியாது. முன்னவர் ஒரு வளைவைச் சற்று நீளமாகப் போட்டுவிட்டால் அதே நொடியில் இவரும் தன் வளைவை நீட்ட வேண்டும். இல்லாவிட்டால் அந்த 8 கோணிப்போய் எல்லார் கண்ணிலும் படும். கெட்டிப் பனியில் வளைவின் வெளிப்பக்கக் காலில் எடையைப் போட்டுச் சமாளிக்கலாம். பொடிப்பனியில் அப்படிச் செய்தால் அந்தக் கால் மட்டும் புதைந்து ஆள் குப்புற விழுவார். இரண்டு காலிலும் ஏறக்குறைய சமமாக எடை இருக்க வேண்டும். இத்தனையும் இன்னொருவர் வேகத்துக்குக் கட்டுப்பட்டு! என்னைக் கேட்டால் கஷ்டமான வேலை பின்னவருடையதுதான்.

இந்தக் கலையின் மவுசு குறைந்ததற்குக் காலில் மாட்டும் சறுக்குப் பலகைகளும் ஒரு காரணம். பழைய பலகைகளின் நடு அகலம் சுமார் 7 செ.மீ.தான். 1980களின் கடைசியில் அட்டாமிக் நிறுவனம் அகலமான பலகைகளைக் கொண்டுவந்தது. 2002இல் சறுக்கு வீரர் ஷேன் மெக்காங்கியின் யோசனையில் உருவான 'ஸ்பாட்டுலா' பலகை, தண்ணீர்ச் சறுக்குப் பலகைபோல அடிப்பக்க வளைவையே தலைகீழாக்கியது. அப்புறம் பனியில் புதையாமல் மிதந்துகொண்டே பெரிய பெரிய வளைவாக வேகமாக இறங்குவதுதான் மோஸ்தர். சின்னச் சின்ன வளைவாக, பக்கத்துத் தடத்தை ஒட்டி, பனியை வீணாக்காமல் இறங்குவது பழங்காலத்துப் பழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் வருத்தம்தான்.

சரி, பதக்கம் இல்லையென்றால் இவர்கள் வாழ்க்கையை எதை வைத்து அளப்பது? பெரும்பாலும் இவர்கள் பயிற்றுநர்கள், மலை வழிகாட்டிகள், பனிச்சரிவு அபாயத்தைக் கண்காணிப்பவர்கள். பட்டம் ஒரு நாள் கூத்து, மற்ற நாளெல்லாம் வேலை. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து ஜூனியர் பௌனஸைப் பாருங்கள். ஆல்டா சறுக்கு மையத்தில் பயிற்றுநர் ஆல்ஃப் எங்கனிடம் பயிற்றுநராகத் தேறி, 1971இல் ஸ்னோபேர்ட் சறுக்கு மையம் திறந்தபோது அங்கே சறுக்குப் பள்ளியின் இயக்குநரானவர். 2021 ஏப்ரலில், 95 வயதில், ஹெலிகாப்டரில் மலை ஏறிப் பொடிப்பனியில் இறங்கி, அப்படிச் சறுக்கியவர்களில் மிக மூத்தவர் என்று கின்னஸ் சாதனை செய்தார்.

கடைசியாக ஒன்று. இரண்டு பக்கக் கட்டுரையில் வீரரின் ஊர், பள்ளி, பலகையின் பிராண்டு வரை இருக்கிறது. கூடவே இறங்கிப் பட்டம் வென்ற ஜோடியின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. படத்தில் அவரை வெட்டியே விட்டிருக்கிறீர்கள், சட்டைக்கை மட்டும் தெரிகிறது. அடுத்த இதழில் அவர் பெயரையும் முழுப் படத்தையும் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்