பாராசூட் விரிந்த பிறகும் ஆபத்து உண்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் ஸ்கைடைவிங், அதாவது விமானத்திலிருந்து பாராசூட்டோடு குதிக்கும் விளையாட்டு, பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ‘உயிரைப் பணயம் வைப்பவர்கள்’ என்ற ஒரே பல்லவி. பாராசூட் விரியாவிட்டால் அத்தோடு கதை முடிந்தது என்றும் எழுதியிருந்தார் கட்டுரையாளர். அரிசோனாவில் வார இறுதிகளில் குதிக்கிறவன் என்ற முறையில் கொஞ்சம் மறுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதுகுப் பையில் இரண்டு பாராசூட் இருக்கும். முதலாவது சிக்கிக்கொண்டால் அதைக் கழற்றிவிட்டு, ரிசர்வ் என்கிற இரண்டாவதை இழுக்கலாம். ரிக்கர் எனப்படும், பாராசூட் மடிக்க உரிமம் பெற்ற நிபுணர்தான் அந்த ரிசர்வை மடிக்க வேண்டும். 180 நாளுக்கு ஒருமுறை பிரித்துச் சோதித்து மறுபடி மடிக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. குதித்தவர் மயங்கிவிட்டால்? 1991-ல் ஜெர்மனியிலிருந்து வந்த சைப்ரஸ் போன்ற கருவி காற்றழுத்தத்தை வைத்து உயரத்தைக் கணக்கிடும். தரைக்கு மேல் சுமார் 225 மீட்டரிலும் ஆள் பாராசூட் விரியாத வேகத்தில் விழுந்துகொண்டிருந்தால் ரிசர்வ் பையை அதுவே திறந்துவிடும்.

பிறகு எப்படிச் சாகிறார்கள்? கணிசமானவர்கள் பழுதில்லாமல் விரிந்த பாராசூட்டின் கீழேதான். இப்போதுள்ள பாராசூட் குடை மாதிரி கவிழ்ந்த பழைய வட்டத் துணி இல்லை. காற்று புகுந்து உப்பிய இறக்கை. ஒரு பக்கக் கயிற்றை இழுத்தால் சாய்ந்து, உயரத்தை இழந்து, வேகமெடுத்துப் பாயும். அளவு சிறியதாக இருந்தால் பாய்ச்சல் இன்னும் கடுமை. புல்லை உரசிக்கொண்டு ஸ்டைலாக இறங்கும் ஆசையிலோ, குறுக்கே வந்தவரைத் தவிர்க்கும் பதற்றத்திலோ தரைக்குப் பக்கத்தில் அப்படித் திருப்பினால் நிமிர உயரம் போதாது. அந்த மாதிரி இறங்குகிறவர்களுக்கு விசிலடிக்கும் கெட்ட பழக்கம் எங்கள் கூட்டத்தில் உண்டு. கட்டுரையாளர் அதைச் சாடியிருந்தால் நானும் ஆமாம் போட்டிருப்பேன்.

அதே கூட்டத்தின் நல்ல பழக்கத்தையும் சொல்ல வேண்டும். யாராவது இறந்தால், அவருக்கு எவ்வளவு அனுபவம், என்ன அளவு பாராசூட், எந்த இடத்தில் தவறியது என்பதையெல்லாம் பெயர் போடாமல் அமெரிக்க பாராசூட் சங்கம் தன் மாத இதழில் வெளியிடுகிறது. இறந்தவரைக் குறை சொல்லக் கூடாது என்று வளர்ந்த எனக்கு முதலில் அது கல்நெஞ்சமாகப் பட்டது. 1970-களில் அமெரிக்காவில் ஆண்டுக்குச் சராசரியாக 40 பேருக்கு மேல் இறந்தார்கள். 2023-ல் சுமார் 36 லட்சம் குதிப்புகளுக்கு 10 பேர். கருவிகள் மேம்பட்டது பெரிய காரணம்தான். ஆனால் இதழின் அந்த விபத்துப் பக்கங்களைப் படித்துத் திருந்தியவர்களும் இருக்கிறார்கள். மோசமாக இறங்கினால் மைதானத்திலேயே மூத்தவர் ஒருவர் வந்து வாங்கு வாங்கென்று வாங்குவார். மாலையில் அவருக்கே பீர் வாங்கித் தர வேண்டியும் வரலாம்; எதையும் முதல்முறை செய்தவர்தான் எல்லோருக்கும் வாங்க வேண்டும் என்பது இங்கே எழுதாத சட்டம்.

துபாய்க்குப் போய்ப் பயிற்றுநரோடு சேர்ந்து டேண்டம் குதிக்கிற உங்கள் வாசகர்களுக்கு ஒன்று: தரை நெருங்கும்போது அவர் உங்கள் காலைத் தூக்கச் சொன்னால் உடனே தூக்கிவிடுங்கள். கால் முறிவது பெரும்பாலும் அங்கேதான்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி விபத்துச் செய்தி வந்தால் ‘பாராசூட் விரியாததால்’ என்று அவசரமாகத் தலைப்பிடாமல், விரிந்ததா, விரிந்திருந்தால் எந்த உயரத்தில் திருப்பினார், அன்று காற்று எப்படி என்று நிருபரைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
அரிசோனா